கணினி கேள்வி – பதில்: தலைப்புகள் இருக்கின்றன, எழுதியதைக் காணவில்லை

கேள்வி: ஸ்க்ரிவ்னர் மென்பொருளில் ஒரு நாவல் எழுதி வருகிறேன். வீட்டில் மேசைக் கணினியிலும், வெளியூர் செல்லும்போது மடிக்கணினியிலும் எழுதுவேன், இரண்டுமே விண்டோஸ். புராஜெக்ட் கிளவுட் சேமிப்பில் இருக்கிறது. சென்ற வாரம் ஊருக்குப் போனபோது மடிக்கணினியில் திறந்தால், இடப்பக்கப் பட்டியலில் அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஆனால் 11ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு எதைச் சொடுக்கினாலும் வெற்றுப் பக்கம்தான் வருகிறது. மூடித் திறந்து பார்த்தும் பயனில்லை. எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் அழிந்திருக்காது. ஆனால் இனி அழிந்துவிட வாய்ப்பு உண்டு என்பதால், முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். அந்த மடிக்கணினியில் புராஜெக்டை மறுபடி திறக்காதீர்கள்; வெற்றுப் பக்கத்தில் ஓர் எழுத்துக்கூடத் தட்டாதீர்கள்.

இதற்குக் காரணம், ஸ்க்ரிவ்னர் நீங்கள் தட்டுவதை நிறுத்திய இரண்டு விநாடிகளில் தானாகச் சேமித்துவிடும் மென்பொருள் என்பதுதான். வெற்றுப் பக்கத்தில் சோதனைக்காக ஒரு புள்ளி வைத்தாலும், அந்த ஒற்றைப் புள்ளியே அந்த அத்தியாயத்தின் மிகப் புதிய வடிவம் என்று கிளவுட் எடுத்துக்கொண்டு மேலே ஏற்றும். அதைவிட எனக்குக் கவலை தருவது, மூடித் திறந்து பார்த்ததாக நீங்கள் எழுதியிருப்பது. ஏதேனும் மாற்றத்தோடு புராஜெக்டை மூடும்போது ஸ்க்ரிவ்னர் அதன் முழு நகலை ஜிப் கோப்பாக, அதாவது எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டிய ஒரே கோப்பாக, எடுத்து வைக்கிறது; நாமாக மாற்றாதவரை, அண்மைய ஐந்து நகல்களை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றை நீக்கிவிடுகிறது. பதற்றத்தில் ஐந்தாறு முறை திறந்து, ஏதாவது தட்டிப் பார்த்து, மூடினால், வெறுமையாகத் தெரிகிற புராஜெக்டின் நகல்கள் உள்ளே வந்து, முழுமையாக இருந்த நகல்களை வெளியே தள்ளிவிடும். கோளாறு தொலைக்காத எழுத்தை, கோளாறைச் சரிசெய்யும் அவசரம் தொலைத்துவிடுவது இப்படித்தான்.

இனி, தலைப்பு மட்டும் எப்படித் தப்பியது என்று பார்ப்போம். ஸ்க்ரிவ்னர் புராஜெக்ட் என்பது வேர்டு ஆவணத்தைப் போல ஒரே கோப்பு அன்று. அது ஒரு கோப்புறை. மேக் கணினியில் ஒரே கோப்பாகத் தோற்றமளித்தாலும் உள்ளே கோப்புறைதான். அதன் மேல்தட்டில், ஸ்க்ரிவ்எக்ஸ் என்று முடியும் ஒரு சிறிய கோப்பு இருக்கும். அத்தியாயங்களின் தலைப்பும் வரிசையும் அதில் பதிவாகின்றன. உங்கள் எழுத்து அதில் இல்லை. ஃபைல்ஸ் என்ற உறைக்குள் டேட்டா என்ற உறையில், ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் 36 குறிகள் கொண்ட நீண்ட பெயருடன் ஒரு தனி உறை இருக்கும். அதற்குள் ஆர்டிஎஃப் வடிவக் கோப்பாகத்தான் நீங்கள் எழுதிய பத்திகள் கிடக்கின்றன. இந்த நூற்றுக்கணக்கான கோப்புகளும் சேர்ந்ததே ஒரு நாவல் என்பது கிளவுட் சேவைக்குத் தெரியாது. அது ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தனக்கு வசதியான வரிசையில் அனுப்புகிறது. பொருளடக்கம் கைக்கு வந்த பின்னும் பாதிப் படிவங்கள் அச்சகத்திலேயே தங்கிவிட்ட புத்தகத்தின் கதைதான் இப்போது உங்கள் மடிக்கணினியில் இருப்பது.

எந்த அத்தியாயங்கள் வெறுமையாக இருக்கின்றன என்பதிலிருந்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். பழைய, நெடுநாள் திறக்காத அத்தியாயங்கள் காலியாக இருந்தால், வட்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அவற்றைக் கணினி கிளவுடில் மட்டும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் இங்கே வைத்திருக்கக்கூடும். உங்களுக்கோ புதிய அத்தியாயங்கள்தாம் காணவில்லை. அப்படியானால், வீட்டில் எழுதி முடித்த கையோடு மேசைக் கணினியை அணைத்துவிட்டீர்கள் என்றும், ஸ்க்ரிவ்எக்ஸ் கோப்பு மேலேறிய பிறகு மற்றவை ஏறுவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்றும் கருத இடமிருக்கிறது. அது சரியென்றால் உங்கள் நாவல் முழுமையாக அந்த மேசைக் கணினியில் இருக்கிறது.

ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். மேசைக் கணினியை இயக்கும் முன் வைஃபை மோடத்தை அணைத்துவிடுங்கள். இல்லையேல் மடிக்கணினியில் நேர்ந்த மாற்றங்கள் இங்கேயும் இறங்கிவரக்கூடும். ஸ்க்ரிவ்னரைத் திறக்காமலேயே, புராஜெக்ட் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவுக்கு நகலெடுங்கள். நகர்த்தக் கூடாது, நகல்தான் எடுக்க வேண்டும். பிறகு அந்த நகலைத் திறந்து பாருங்கள். அத்தியாயங்கள் இருந்தால், மோடத்தை இயக்கி, கிளவுட் செயலி எல்லாம் ஏறி முடிந்ததாகக் காட்டும்வரை கணினியை அணைக்காமல் வைத்திருந்தால் போதும்.

அங்கும் இல்லையென்றால் ஜிப் நகல்களைத் தேட வேண்டும். ஸ்க்ரிவ்னரில் ஃபைல் பட்டியலில் ஆப்ஷன்ஸ், அதில் பேக்கப் என்ற பகுதிக்குச் சென்றால், நகல்கள் இருக்கும் உறையைத் திறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. இதற்காக உங்கள் புராஜெக்டைத் திறக்கத் தேவையில்லை, வெற்றாக ஒரு புதிய புராஜெக்டைத் தொடங்கினால் போதும். அந்த உறை விண்டோஸில் வழக்கமாக மறைக்கப்பட்ட இடத்தில் இருப்பதால், நேரடியாகத் தேடுபவர்கள் பலர் அதைக் காணாமல் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு கணினிகளிலும் தனித்தனி நகல் உறைகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒன்றில் தள்ளப்பட்டது இன்னொன்றில் இருக்கலாம். எல்லா ஜிப் கோப்புகளையும் முதலில் வேறிடத்தில் நகலெடுத்த பிறகு, ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். ஜிப்பின் உள்ளிருந்தபடியே திறக்காமல், விரித்த பிறகுதான் திறக்க வேண்டும். விரிக்கும் இடம் சி டிரைவில் சிறிய பெயருள்ள ஓர் உறையாக இருப்பது நல்லது. கோப்பின் பாதை, அதாவது உறைகளின் பெயர்களும் சேர்ந்த முழு முகவரி, 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விண்டோஸின் பழைய வரம்பை, அந்த 36 குறிப் பெயர்கள் எளிதில் தாண்டிவிடும்.

அதிலும் கிடைக்காவிட்டால், உலாவி வழியாகக் கிளவுட் கணக்கினுள் சென்று, நீக்கப்பட்ட கோப்புகளையும் கோப்புகளின் பழைய வடிவங்களையும் பாருங்கள். டிராப்பாக்ஸின் அடிப்படைக் கணக்கிலும், ஒன்டிரைவ் தனிநபர் கணக்கின் குப்பைத் தொட்டியிலும், ஐகிளவுடின் மீட்புப் பகுதியிலும் அவகாசம் 30 நாள். சென்ற வாரம் நடந்தது என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடும் அளவுக்கு இல்லை.

கேள்வி: வீட்டில் மேக் கணினியிலும், ரயிலில் ஐபோனிலும் ஸ்க்ரிவ்னரில் எழுதுகிறேன். ஒரே கட்டுரையை இரண்டிலும் திருத்தியபோது, காலையில் ஐபோனில் சேர்த்த மூன்று பத்திகள் மாலையில் மேக்கில் இல்லை. பட்டியலில் நான் உருவாக்காத ஓர் உறை முளைத்திருக்கிறது. நீக்கிவிடலாமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: நீக்க வேண்டாம், உங்கள் மூன்று பத்திகள் அநேகமாக அதற்குள்தான் இருக்கின்றன. ஒரே பகுதி இரண்டு இடங்களில் மாறியிருக்கக் கண்டால், ஸ்க்ரிவ்னர் ஒன்றை இடத்தில் வைத்துக்கொண்டு, மற்றொன்றைக் கான்ஃப்ளிக்ட்ஸ் என்ற பெயருள்ள உறையில் போட்டுவைக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து, வேண்டிய பத்திகளைக் கையால் ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மென்பொருள் தானே கலந்துவிடாமல் இருப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது; எந்தப் பத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுதியவர்தானே முடிவுசெய்ய வேண்டும்.

உறையின் பெயர் ரெகவர்ட் ஃபைல்ஸ் என்றிருந்தால் நிலைமை வேறு. டேட்டா உறையில் எழுத்துக் கோப்பு இருக்கிறது, ஆனால் ஸ்க்ரிவ்எக்ஸ் பட்டியலில் அதற்கு இடம் இல்லை என்று பொருள். அதாவது மேலே கும்பகோணம் வாசகிக்கு நேர்ந்ததற்கு நேர்மாறாக, எழுத்து வந்து தலைப்பு வராமல் போயிருக்கிறது. திறந்து படித்து, உரிய இடத்துக்கு இழுத்துச் சென்று பெயரிட்டுவிடுங்கள்.

இரண்டு உறைகளிலும் இல்லையென்றால், மேக்கில் கோப்புகளைப் பார்க்க உதவும் ஃபைண்டரில் டிராப்பாக்ஸ் உறையைப் பாருங்கள். ஒரே கோப்புக்கு இரண்டு வடிவங்கள் மோதினால் டிராப்பாக்ஸ் எதையும் அழிப்பதில்லை. இரண்டாவதன் பெயரோடு முரண்பட்ட நகல் என்ற குறிப்பையும் தேதியையும் சேர்த்து அருகிலேயே வைத்துவிடும். புராஜெக்டின் உள்ளே பார்க்க, அதன் மேல் சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி உள்ளடக்கத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். ஸ்க்ரிவ்எக்ஸ் கோப்புக்கே அப்படி ஒரு நகல் இருந்தால், எதையும் தொடும் முன் புராஜெக்ட் முழுவதையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் ஸ்க்ரிவ்னர் டிராப்பாக்ஸ் வழியாக மட்டுமே ஒத்திசைகிறது. அதுவும் டிராப்பாக்ஸ் செயலியைப் போலப் பின்னணியில் ஓயாமல் நடப்பதன்று, ஒத்திசைவுப் பொத்தானைத் தட்டியபோது நடப்பது. எழுதத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் அதைத் தட்டுங்கள். ரயில் சுரங்கத்தினுள் செல்லும்போது தட்டிவிட்டுத் திரையை அணைத்துப் பையில் போட்டால், ஏறியதா இல்லையா என்பது தெரியாது. மேக்கில் எழுதி முடித்ததும் புராஜெக்டை மூடிவிட்டுப் புறப்படுங்கள். அந்தப் புராஜெக்ட் வேறொரு கணினியில் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வரும்போது, நகலைத் திறக்கவா என்று கேட்கும் பெட்டியை வழக்கமாகத் தட்டித் தள்ளிவிடுவது பலருடைய பழக்கம். அந்த ஒரு பெட்டியைப் படிக்காததால் விளையும் குழப்பத்தைத் தீர்க்க ஒரு முழுநாள் போகும்.

கேள்வி: பேக்கப்பை விரித்து, அதிலுள்ள ஆர்டிஎஃப் கோப்பை நோட்பேடில் திறந்தால் தமிழே இல்லை; வெறும் எண்கள். கோப்பு கெட்டுவிட்டதா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கெடவில்லை, அந்த எண்கள்தாம் உங்கள் தமிழ். ஆர்டிஎஃப் வடிவம் ஆங்கிலமல்லாத எழுத்துகளை யூனிகோடு எண்ணாக, முன்னால் ஒரு சாய்கோடு இட்டுச் சேமிக்கிறது. க என்பதற்கு 2965, த என்பதற்கு 2980, ஐகாரத் துணைக்குறிக்கு 3016. ஆகவே இம்மூன்று எண்களும் அடுத்தடுத்து வந்தால் அங்கே நீங்கள் எழுதியது கதை என்ற சொல். 2946 முதல் 3066 வரையிலான எண்கள் நிறைந்திருந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதி கொள்ளலாம். நோட்பேடில் சேமிக்காமல் மூடிவிட்டு, அதே கோப்பை வேர்டிலோ லிப்ரே ஆஃபிஸிலோ திறந்தால் தமிழாகத் தெரியும். இதே காரணத்தால், ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்து அதன் வழியாகக் கோப்பைக் கண்டுபிடிக்கும் தேடல்கள் எல்லாக் கருவிகளிலும் பலிக்காது. கோப்பின் தேதியையும் அளவையும் வைத்துத் தேடுவது மேல். பல பக்கங்கள் எழுதிய அத்தியாயத்தின் கோப்பு ஒன்றிரண்டு கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்தால் அது காலியான வடிவம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பக்கம் வெறுமையாகத் தெரியும்போது, அடியில் சொல் எண்ணிக்கை எவ்வளவு காட்டுகிறது? எண்ணிக்கை இருந்து எழுத்து மட்டும் தெரியாவிட்டால், கரும்பின்னணியில் எழுதி ஒட்டிய வெள்ளை எழுத்து வெண்பின்னணியில் மறைந்திருக்கிறது. அனைத்தையும் தேர்ந்தெடுத்து நிறத்தை மாற்றினால் தீர்ந்தது; கிளவுடுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: நான் கிளவுடில் எதையும் வைத்ததே இல்லை, புராஜெக்ட் டாக்குமென்ட்ஸ் உறையில்தான் இருக்கிறது. ஆனாலும் கோப்புகளின் அருகில் நீலநிற மேகக் குறி தெரிகிறது. இதை எங்கே வைப்பதுதான் பாதுகாப்பு?
— வாசகர், சேலம்

பதில்: புதிய விண்டோஸ் கணினியை அமைக்கும்போதே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் உறைகள் ஒன்டிரைவுக்குள் சென்றுவிடுவது இப்போது சாதாரணம், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அடுத்து அடுத்து என்று தட்டியவர்களுக்கு அது தெரிவதில்லை. நீல மேகம் என்றால் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது, உங்கள் வட்டில் பெயர்தான் இருக்கிறது. புராஜெக்ட் உறையின் மேல் சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு என்ற பொருளுள்ள கட்டளையைத் தேர்ந்தெடுத்து, குறி பச்சை வட்டமாக மாறும்வரை காத்திருங்கள். அதுவரை ஸ்க்ரிவ்னரைத் திறக்க வேண்டாம். டிராப்பாக்ஸிலும் ஐகிளவுடிலும் இதே வசதி வேறு பெயர்களில் உண்டு. கூகுள் டிரைவை மட்டும் நேரடிப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டாமென்று ஸ்க்ரிவ்னரை உருவாக்கிய நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

ஒரே கணினியில் எழுதுபவர் என்றால், என் கருத்தில், புராஜெக்ட் கிளவுடுக்கு வெளியே, சி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஓர் உறையில் இருக்கட்டும். ஜிப் நகல்களின் உறையை மட்டும் கிளவுடுக்கு மாற்றுங்கள். ஜிப் என்பது ஒரே கோப்பு. வந்தால் முழுமையாக வரும், வராவிட்டால் வராதது உடனே தெரியும். மாற்றுவதற்கான இடம் மேலே சொன்ன அதே பேக்கப் பகுதிதான். அங்கேயே நகல்களின் எண்ணிக்கையை 25 ஆக உயர்த்தி, கோப்பின் பெயரில் தேதி சேரும் கட்டத்திலும் ஒரு குறியிட்டுவிடுங்கள்.