பழைய காருக்குப் பார்க்கிங் சலுகை உண்டா?

கேள்வி: ஐம்பது வயது தாண்டிய கார் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். விண்டேஜ் வண்டி என்பதால் தெருவில் எங்கு நிறுத்தினாலும் கேட்க மாட்டார்கள் என்கிறார் விற்பவர்.

பதில்: அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும். வயதுக்குச் சலுகை இருப்பது வரியிலும் புகையிலும்தான். பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய கார் விண்ணப்பித்தால் சாலை வரி இல்லை. ஜெர்மனியில் 30 ஆண்டு தாண்டி, அசல் நிலை கெடாமல், எண் பலகையில் 'எச்' எழுத்து வாங்கிய கார் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் போகலாம். இரண்டு ஊரிலும் தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தினால் எல்லோருக்கும் போல அபராதம்தான். இந்தியாவில் இன்னும் கெடுபிடி. 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிந்து 'விஏ' எண் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டவே கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல், பழுதுபார்ப்பு, அவ்வளவே.

கேள்வி: குடியிருப்பாளர் பார்க்கிங் சீட்டு முன்கண்ணாடியில் இருந்தது. காருக்கு உறை போட்டிருந்தேன். அபராதம் போட்டுவிட்டார்கள். நியாயமா?

பதில்: உறைக்குள் இருக்கும் சீட்டை எப்படிப் படிப்பார்கள்? சீட்டின் நகலை வைத்து ஒரு முறை முறையிட்டுப் பாருங்கள், தள்ளுபடியானால் கட்டிவிடுங்கள்.

கேள்வி: 1959 கேடிலாக் வாங்கினேன். பார்க்கிங் கட்டத்துக்கு வெளியே வால் நீட்டுகிறது.

பதில்: கார் ஏறக்குறைய 5.7 மீட்டர், பிரிட்டனின் வழக்கமான கட்டம் 4.8 மீட்டர். பணம் கொடுக்கும் முன் டேப் பிடித்திருக்கலாம்.

கேள்வி: தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தியது என் தவறுதான். ஆனால் பின்சக்கரம் தரையில் உருள, முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துப்போயிருக்கிறார்கள். இன்ஜின் பின்சக்கரத்தை ஓட்டும் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். மீட்டபோது குரோம் பம்பர் வளைந்திருந்தது, இப்போது கியரும் பிடிக்கவில்லை. முன்பே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள்.

பதில்: அபராதம் உங்கள் தவறுக்கு. பம்பரும் கியர்பெட்டியும் அவர்கள் கணக்கு. இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். கலந்தால் 'தடை இடத்தில் நிறுத்தியவர்தானே' என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள்.

ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். இன்ஜின் நிற்க, பின்சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே தண்டு எண்ணெயின்றிச் சுழன்று புஷ்ஷும் கிளட்ச் தகடும் கருகும். (பின்பக்கமும் பம்ப் வைத்த சில பழைய பெட்டிகள் விதிவிலக்கு.) இழுக்கும் வேலையையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். பின்சக்கரத்தைத் தூக்கியிருக்கலாம், கியர்பெட்டியைப் பின்சக்கரத்தோடு இணைக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியிருக்கலாம், தட்டு லாரியில் ஏற்றியிருக்கலாம். பம்பர் அழகுக்கு மாட்டியது. அதன் தாங்கியில் கொக்கி போட்டால் வளையத்தான் செய்யும். முன்சக்கரத்தைத் திருப்பும் கம்பியான ஸ்டீயரிங் டை ராடில் சங்கிலி கட்டுபவர்களும் உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியர் எண்ணெயில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தால் அது சாட்சி. சேதம் எதனால் என்று மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை செல்லாது. இழுக்கும் முன் எடுத்த படங்களையும் எந்த முறையில் இழுத்தார்கள் என்ற பதிவையும் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டாளருக்கு இன்றே தகவல் கொடுங்கள். மற்றவர்களுக்கு: மீட்கும் கையெழுத்துப் போடும் முன், அவர்கள் வண்டியை வைத்திருக்கும் முற்றத்தை விட்டு நகராமல் நான்கு மூலையும் அடிப்பக்கமும் படம் எடுத்து, ரசீதிலேயே 'சேதத்துடன் பெற்றேன்' என்று எழுதுங்கள்.

கேள்வி: மூன்று மாதமாக வீட்டு வாசல் தெருவில் நிற்கிறது. 'கைவிடப்பட்ட வாகனம்' என்று ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு இது அவமானம்.

பதில்: காற்றில்லாத டயர், தூசி படிந்த கண்ணாடி, அடியில் சருகு: வேறு என்ன நினைப்பார்கள்? இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவில் 10 மணி நேரம் கேட்பாரற்றுக் கிடந்தாலே தூக்கலாம், இழுத்த செலவும் உங்கள் தலையில். உரிமையாளர் நான்தான் என்று ஆவண நகலோடு இன்றே எழுதிக் கொடுத்துவிட்டு, காற்றடித்து வண்டியை அப்புறப்படுத்துங்கள். பேட்டரி இறங்கிவிட்டது என்பது சாக்கு ஆகாது. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் ஒன்று மாட்டினால் எளிதில் இறங்காது.

கேள்வி: நீர் புகாத உறை என்று நம்பி வாங்கினேன். ஆறே மாதத்தில் கதவடியில் பெயிண்ட் குமிழ்விட்டது.

பதில்: பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை. வெளித் தண்ணீரை விடாது, உள் ஈரத்தையும் விடாது. அதே உறைக்கு நானும் பணம் அழுதிருக்கிறேன். காற்றோடும் பல அடுக்குத் துணி, உட்புறம் மெத்தென்ற பருத்தி, எண் பலகைக்கு நேரே கண்ணாடிச் சாளரம்: இந்த மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஈரமான காரின் மேல் எந்த உறையையும் போடாதீர்கள்.