பழுதான எஞ்சினை எடுத்துக்கொண்டு போங்கள்

அன்புள்ள ஐயா,

ரயில் மாடல்கள் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவருகிறேன். எங்களுடையது ஒன்பது பேர் கொண்ட சின்னக் குழு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அவரவர் செய்ததைக் காட்டுவோம், அப்புறம் அந்த வீட்டு லேஅவுட்டில், அதாவது பலகை மேல் தண்டவாளமும் நிலையமுமாக அமைத்த குட்டி ரயில் உலகத்தில், வண்டி ஓட்டுவோம்.

எங்களில் மூத்தவருக்கு 78 வயது. எல்லோரும் அவரை ‘சார்’ என்றே கூப்பிடுவோம். எனக்குச் சாலிடரிங், அதாவது ஈயத்தை உருக்கி வயரைப் பற்றவைப்பதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எட்டு மாதமாக அவர் வரவில்லை. முதலில் முதுகுவலி என்றார், பிறகு வீட்டில் வேலை என்றார். கடைசியாகப் பேசியபோது, “நீங்க நடத்துங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். யாரோடும் மனத்தாங்கல் கிடையாது. போன மாதம் ஒரு நண்பர் புது எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டினார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றோம். அதற்கு மேல் யாருக்கும் சொல்ல எதுவும் இல்லை. சார் இருந்திருந்தால் கீழே குனிந்து சக்கரத்தைப் பார்த்து ஏதாவது கேட்டிருப்பார்.

வயதானவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறார்கள் சிலர். நேரில் போய் அழைத்துவர வேண்டும் என்கிறார்கள் சிலர். எது சரி?

உங்கள் வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். ஆனால் அழைத்துவரப் போகாதீர்கள். இந்த விஷயத்தில் நான் ஒருமுறை தப்புச் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். அவர் வருவதை நிறுத்தியதும் நான் மாதாமாதம் போன் செய்தேன். “இந்த மாதமாவது வாங்க சார், எல்லாரும் கேக்கிறாங்க” என்பேன். அன்பாகத்தான் கேட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு புதுக் காரணம் தேட வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் போன் எடுப்பதையே விட்டுவிட்டார். ஆர்வம் போய்விட்டது போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அவர் வீட்டுக்குப் போனேன். வேலை மேசையில் பாதி முடிந்த சரக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் பித்தளைக் கம்பியில் கைப்பிடி வைக்க ஆறு துளைகள் போட்டிருந்தார். நான்கு துளைகள் ஒரே கோட்டில் இருந்தன. ஐந்தாவது சற்று இறங்கியிருந்தது. ஆறாவதில் துளைக்கருவி வழுக்கிப் பெட்டியின் பக்கவாட்டிலேயே நீளமாக ஒரு கீறல். பக்கத்தில் பசை படிந்த விரல்ரேகை. நான் பார்ப்பதைக் கவனித்ததும் ஒரு துணியை எடுத்து அதன் மேல் போட்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஆர்வம் போயிருந்தால் அந்தப் பெட்டி அங்கே இருந்திருக்காது.

நம் பொழுதுபோக்கு உடம்பிடம் எவ்வளவு கேட்கிறது என்று இளவயதில் நமக்குத் தெரிவதில்லை. ஹெச்ஓ அளவு என்றால் நிஜத்தில் இருப்பதில் 87இல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம்தான் இருப்பார். அவர் கையில் பிடிக்கும் விளக்கு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘என்’ அளவில் 160இல் ஒரு பங்கு, தண்டவாள அகலமே 9 மில்லிமீட்டர். நாற்பதைத் தாண்டும்போதே கண்ணின் லென்ஸ் இறுகத் தொடங்குகிறது, கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. வயது ஏற ஏற அந்த லென்ஸ் மஞ்சளாகவும் ஆகிறது. துருவின் நிறத்துக்கும் சேற்றின் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வாழ்நாளெல்லாம் துல்லியமாகப் பூசியவருக்கு, ஒருநாள் அந்த வித்தியாசமே சந்தேகமாகிவிடுகிறது. கை நடுக்கம் வேறு. அப்புறம், லேஅவுட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே சூடான சாலிடரிங் அயர்னைப் பிடித்து, தண்டவாளத்துக்கு வரும் ஒவ்வொரு வயரையும் பற்றவைக்கும் வேலை இருக்கிறதே! முப்பது வயதிலேயே அது கழுத்தைப் பிடித்துவிடும். உங்கள் சார் சொன்ன முதுகுவலி உண்மையாகவே முதுகுவலியாக இருக்கலாம்.

பலர் வயதானதும் பெரிய அளவுக்கு மாறிக்கொள்கிறார்கள். 32 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ‘ஓ’ அளவு வண்டியைக் கையால் எடுத்து வைப்பது எத்தனையோ சுலபம். ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் கட்டியவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது லேசான காரியமா? எழுபத்தெட்டில் எல்லோருக்கும் அதற்கு மனம் வராது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்: “அவரவர் செய்ததைக் காட்டுவோம்.” சங்கடம் அங்கேதான் என்று நினைக்கிறேன். வெறும் கையோடு வருவதற்கு அவருக்குக் கூச்சம். கையில் இருப்பதைக் காட்ட அதைவிடக் கூச்சம். எவ்வளவு கோணலாக இருந்தாலும் நீங்கள் ‘நன்றாக இருக்கிறது சார்’ என்பீர்கள். அந்தப் பாராட்டைத் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும், அவர்தானே உங்களுக்குக் கோணலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்?

சரி, என்ன செய்யலாம்? எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் பெட்டிகளை இடம் மாற்றும் ஒரு சின்ன ஷண்டிங் எஞ்சின் இருந்தது, நான்கே சக்கரம். ஒரு பாயிண்டை, அதாவது தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை, கடக்கும்போது மட்டும் நின்றுவிடும். விரலால் தொட்டால் மறுபடி ஓடும். சக்கரத்தைத் துடைத்தேன், மோட்டாரைக் கழற்றினேன், எதுவும் நடக்கவில்லை. அந்த எஞ்சினையும் அந்தப் பாயிண்டையும் ஒரு பலகையில் பொருத்தி அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். “சார், மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கிறேன்” என்றேன். அது நூற்றுக்கு நூறு உண்மை.

அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. பலகை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “மெதுவா ஓட்டு” என்றார். வண்டி போனது, நின்றது. “இன்னொரு தடவை.” நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை ஓட்டச் சொன்னார். “மோட்டார் திணறல, ஒரேயடியா அணையுது. கரண்ட் வரல. உன் தவளை செத்துக் கிடக்கு.” பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையைத் தவளை என்பது நம் வழக்கம். என் பாயிண்டில் அது பிளாஸ்டிக், மின்சாரம் பாயாது. நீளமான எஞ்சினுக்குப் பிரச்சினை இல்லை, வேறு சக்கரங்கள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இந்தக் குட்டி எஞ்சினுக்கு ஒரு பக்கச் சக்கரம் பிளாஸ்டிக்கில் ஏறியதும், மற்றது சரியாகத் தொடாவிட்டால் கதை முடிந்தது. உலோகத் தவளை உள்ள பாயிண்டை வாங்கி, வண்டி போகும் பாதைக்கேற்ப அதன் மின்துருவம் மாறும்படி ஒரு சுவிட்ச் வைக்கச் சொன்னார். வயரை நான்தான் பற்றவைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஈயத்தை அயர்னில் வைக்காதே, தண்டவாளத்தைச் சூடாக்கு” என்று இருபது வருடத்துக்கு முந்தைய அதே குரலில் திட்டினார். அன்று கிளம்பும்போது அந்தத் துணியை அவரே எடுத்து, கீறல் விழுந்த பெட்டியை என் கையில் கொடுத்தார். “இந்த ரெண்டு ஓட்டையையும் அடைச்சுப் புதுசாப் போட்டுக் கொண்டா.”

ஆகவே உங்கள் குழுவில் யாரிடம் அடங்காத எஞ்சின் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்பது பேரில் ஒருவரிடமாவது இருக்கும். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். இரண்டு பேர் போனால் போதும். எல்லோரும் போனால் அது நோயாளியைப் பார்க்கப் போவதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று. சாரின் வீட்டிலும் லேஅவுட் இருக்கும்தானே? அதன் அடியில் எந்த வயர் எங்கே போகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவர் ஹெச்ஓவில் ஒரு மாபெரும் மலை ரயில் லேஅவுட்டைக் கட்டினார். புது மாடலுக்கு அழுக்கும் துருவும் பூசி வயதேற்றும் கலையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அவர். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து லேஅவுட்டின் பெரும்பகுதி அழிந்துபோனது. இன்றும் நாம் அவரிடம் கற்றுக்கொள்ள முடிகிறது என்றால், அவர் உயிரோடு இருந்தபோதே புகைப்படங்களாகவும் கட்டுரைகளாகவும் விட்டுச்சென்றதுதான் காரணம். சார் சொல்லச் சொல்ல, உங்களில் ஒருவர் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டலாம். ஆனால் அந்தப் பேச்சை அவர் எடுக்கட்டும். முதல் நாளே ‘உங்களுக்கு அப்புறம்’ என்ற தொனி வந்துவிட்டால் கதவு மூடிவிடும்.

பிறகு அவராகவே கூட்டத்துக்கு வந்தால், காட்டுவதற்கு எதுவும் தேவையில்லாத ஓர் இடம் அவருக்கு இருக்க வேண்டும். நீங்கள் கால அட்டவணை போட்டு ஓட்டுபவர்களா? கடிகாரத்தை ஆறு மடங்கு வேகத்தில் வைத்து, பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக எண்ணி ஓட்டிப் பாருங்கள். எந்த வண்டி எந்த நிலையத்தில் காத்திருக்க வேண்டும், எது முந்த வேண்டும் என்று சொல்ல ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நடுங்காத விரல் வேண்டாம், அனுபவம் வேண்டும். நல்ல வெளிச்சம், முதுகு சாய்த்து உட்கார ஒரு நாற்காலி, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்ற சுதந்திரம், இவ்வளவும் இருந்தால் போதும்.

வரவே இல்லையென்றால்? வேண்டாம். மாதத்தில் ஒருநாள் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள்.

அந்தப் புது எஞ்சினைக் கொண்டுவந்த நண்பரையும் கூட அழைத்துப்போங்கள். சார் சக்கரத்தைப் பார்த்து என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்