இந்தியாவில் மதநிந்தனைச் சட்டம் இருக்கிறதா? ஒருவர் மனம் புண்பட்டால் பேச்சுரிமை அங்கேயே முடிந்துவிடுமா?

அந்தப் பெயரில் சட்டம் கிடையாது. அந்த வேலையைப் பார்க்கும் பிரிவு ஒன்று உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 295ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மூன்றாண்டு வரை சிறை.

1927இல் சேர்த்த பிரிவு இது. லாகூரில் நபிகளைப் பற்றி வந்த ஒரு சிறுநூலுக்காக அதன் வெளியீட்டாளர் ராஜ்பால் மீது வழக்குப் போட்டார்கள். அன்றைய சட்டத்தில் இது குற்றமாகாது என்று உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஊர் கொந்தளிக்க, ஆங்கிலேய அரசு புதுப் பிரிவைக் கொண்டுவந்தது. அப்படியும் 1929இல் ராஜ்பாலைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அதே பிரிவு பாகிஸ்தானுக்கும் போய், அங்கே 1980களில் 295பி, 295சி என்று வளர்ந்து மரண தண்டனை வரை வந்து நிற்கிறது. இங்கிலாந்தோ தன் பழைய மதநிந்தனைச் சட்டத்தை 2008இல் தூக்கிப் போட்டுவிட்டது.

நம் பிரிவை ஊன்றிப் படித்தால், வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு அவமதித்திருக்க வேண்டும் என்று இருக்கும். 1957இல் உச்ச நீதிமன்றமும் இதை வைத்துத்தான் பிரிவு செல்லும் என்றது. வாய் தவறி வந்த பேச்சுக்கு இது பொருந்தாது. அரசு அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கை எடுக்கவும் முடியாது. எங்கள் ஈரோட்டுக்காரர் பெரியார் 1953இல் திருச்சியில் பிள்ளையார் சிலையை உடைத்ததற்கு வந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கீழ்க் கோர்ட்டுகள் சட்டத்தைக் குறுக்கிப் படித்துவிட்டன என்று 1958இல் குறை சொன்ன நீதிபதிகள், காலம் கடந்துவிட்டது என்று வழக்கை மறுபடி கிளறாமல் விட்டுவிட்டார்கள்.

ஆக, விமர்சனம் குற்றமல்ல என்று சொல்லிவிடலாம். நான் திருச்செங்கோடு பக்கம். இங்கே விஷயம் கோர்ட் வாசலுக்கே போவதில்லை, அதுதான் சிக்கல்.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன், மாரியம்மன் நோம்பி வரி வசூலைக் கிண்டலடித்து, 'அம்மனுக்கு மாவிளக்கு, கமிட்டிக்கு மட்டன் பிரியாணி' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். மறுநாளே ஸ்டேஷனில் மனு. அவன் மாமனோடு நானும் போனேன். ஏட்டய்யா தன்மையாகத்தான் பேசினார். "ஏனுங்க, பையன் நாளைக்கு வெளிநாடு போறதுன்னா பாஸ்போர்ட்டுக்கு இடைஞ்சலாயிரும். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க." எந்த செக்‌ஷனுங்க என்று பையன் கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. எதிர் ஜெராக்ஸ் கடையில் வெள்ளைத்தாள் வாங்கி வந்து, கமிட்டிக்காரர் சொல்லச் சொல்ல எழுதினான்: 'யார் மனமும் புண்படும்படி இனி எதுவும் பதிவிட மாட்டேன்.' எந்த நீதிபதியும் இத்தனை அகலமாக ஓர் உத்தரவு போட மாட்டார். அவன் கேட்டதோ அம்மனைப் பற்றியல்ல, கணக்கைப் பற்றி. அந்த வருஷம் கமிட்டியிடம் வேறு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இதையே பெரிய அளவில் நாடு பார்த்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். நாலு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில்தான் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது, கடையடைப்பு வரை போனது. 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, எழுதச் சொன்னது. அதற்குள் ஒன்றரை வருஷம் போய்விட்டது. ஒரு நாள்கூடத் தண்டனை பெறாத மனிதர் அவர்!

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'அந்தத் தெருக்காரனை அடிங்கடா' என்று மைக்கில் பேசுகிறவனைத் தூக்கி உள்ளே வைக்கட்டும், அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மனம் புண்பட்டது என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், அதிகம் கத்துகிறவர்களுக்குத்தான் அதிகம் புண்படும். கூட்டம் கூடினால் போலீஸ் யாரைக் காக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. 2017 மார்ச்சில் கோவையில் பாரூக் என்ற நாத்திகர் வெட்டிக் கொல்லப்பட்டார். கடவுள் மறுப்புப் பதிவுகளுக்காக என்பதுதான் வழக்கு. பேசினவனிடம் எழுதி வாங்குவதில் இருக்கும் சுறுசுறுப்பு, அவன் உயிரைக் காப்பதிலும் இருக்க வேண்டாமா?

கேள்வி கேட்டவர் ஏதாவது சிக்கலில் இருந்தால் ஒன்று. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் வக்கீலோடு போங்கள், மனு ரசீது நகல் கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் பொதுவாக முதலில் நோட்டீஸ்தான் தர வேண்டும், எடுத்த எடுப்பில் கைது கூடாது. மன்னிப்புக் கடிதம் எழுதித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் வழக்கு வராது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.