அபேக்குள் பிள்ளைகளோடு: கல்லறை மேல் நடக்கலாமா?

கேள்வி: சித்திரை விடுமுறைக்கு லண்டனில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போகிறோம். மகனுக்கு 10 வயது, மகளுக்கு 7. அங்கே அரசர்கள் முடி சூடும் பழைய தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபே பார்க்க எனக்கு ஆசை. "அரை மணித்தியாலத்தில் சிணுங்கத் தொடங்குவினம், வீண் காசு" என்கிறா மச்சாள். கூட வரும் அம்மாவோ, "செத்த ஆட்களின் மேல நடக்கிற இடம், துடக்கு" என்கிறா. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: போங்கோ. மச்சாள் சொல்வதிலும் பாதி சரிதான். அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்கள் 3,000 பேருக்கு மேல், ஒவ்வொரு கல்லாக வாசித்துக்கொண்டு நின்றால் பெரியவர்களே சிணுங்குவார்கள். நான் என் மகளை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கூட்டிப்போய் 1619, 1658 என்று ஆண்டுக் கணக்காக ஒப்புவித்தேன், அவள் கேட்ட ஒரே கேள்வி ஐஸ்கிரீம் எப்ப என்பதுதான். நாலு சாமான் போதும், அதுவும் பிள்ளைகளே தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் முடிசூட்டு நாற்காலி. 700 வருசத்துக்கு முந்திய ஓக் மரம், அதில் அரசர்கள் இருந்து முடி சூடியிருக்கிறார்கள், ஆனால் கிட்டப் பார்த்தால் மரம் முழுக்கக் கிறுக்கல்! பக்கத்துப் பள்ளிக்கூடப் பொடியன்களும் பார்க்க வந்தவர்களும் பேனாக்கத்தியால் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். 1800ஆம் ஆண்டு யூலையில் இந்த நாற்காலியில் நித்திரை கொண்டேன் என்று அபட் என்ற ஒருவர் எழுதியே வைத்திருக்கிறார். நம் கோட்டைச் சுவரில் இதயம் கீறி அம்பு விட்டவர்களைத் திட்டுகிறோமே, உங்கள் மகனுக்கு இதைக் காட்டுங்கள்.

பிறகு விஞ்ஞானி நியூட்டனின் கல்லறை. அவருக்குப் பக்கத்திலேயே 2018இல் கருந்துளைகளை ஆராய்ந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் சாம்பலையும் வைத்தார்கள், கல்லில் கருந்துளைச் சமன்பாடே பொறித்திருக்கிறது. அடுத்து, 1268இல் பதித்த கோஸ்மாட்டித் தளம், அதாவது நிறநிறக் கல்துண்டுகளால் கோலம்போல இழைத்த நிலம், அதில் மகள் வட்டங்களை எண்ணட்டும்.

அம்மாவை அறியாப் போர்வீரர் கல்லறைக்குக் கூட்டிப்போங்கள். முதலாம் உலகப்போரில் செத்த, யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத ஒருவரை 1920இல் பிரான்ஸ் மண்ணோடு கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கீழே நிலத்தில் அந்த ஒரு கல்லை மட்டும் யாரும் மிதிப்பதில்லை, அரச குடும்பமும் சுற்றித்தான் போகும். இதை நம் ஊர் அம்மா ஒருவருக்கு விளக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரம் தனியே நிற்க விடுங்கள்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மட்டும்தான், சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள். உயிர்த்த ஞாயிறு வரும் கிழமை என்றால் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மச்சாளிடம் இடியப்பப் பார்சல் கட்டித் தரச் சொல்லுங்கள், நடை தூரத்தில் சென் ஜேம்ஸ் பூங்கா, அங்கே குளத்தில் கூழைக்கடா இருக்கிறது, பிள்ளைகள் அசையமாட்டார்கள்.

துடக்குக்கு, வீட்டுக்கு வந்து தோய்ந்தால் சரி. சித்திரையிலும் லண்டன் குளிரும், அம்மாவுக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுங்கள்.