ஜோக்கரைத் திருடனாக்க வேண்டாமே

வணக்கம் சார். என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, ஒரு துப்பறியும் கதை எழுதிட்டிருக்கா. ஊருக்கு சர்க்கஸ் வருது, கல்லாப்பெட்டி காணாமப் போகுது, அங்க அந்தரத்துல ஊஞ்சல் கம்பில தொங்கித் தாவுற பார் விளையாட்டு ஆடுற 12 வயசுப் பொண்ணு கண்டுபிடிக்கிறா, ஜோக்கர்தான் திருடன். ரொம்ப ஈஸியா முடிஞ்சிடுதுன்னு அவளே முகத்தைச் சுளிக்கிறா. என்ன மாத்தலாம்?
ஒரு வாசகி, தஞ்சாவூர்

வணக்கம்மா. அவளுக்கே அது தோணுதுன்னா நல்லா எழுதுவா, விடாதீங்க.

மொதல்ல, இந்தக் காலத்துக் கதைன்னா அவ பார் விளையாடுற பொண்ணா இருக்க முடியாது, குழந்தைங்கள சர்க்கஸ்ல வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. புலி சிங்கமும் வேண்டாம், 1998ல அரசு போட்ட தடைய 2001ல கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு. டிக்கெட் வாங்கி முன்வரிசைல உக்கார்ற உள்ளூர்ப் பொண்ணா மாத்தச் சொல்லுங்க.

அப்புறம் ஜோக்கர். இவங்களையே எல்லாக் கதைலயும் திருடனாக்குறது எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. பார்ல ஏறித் தவறி விழற மாதிரி விழறாரே, அப்படி விழறதுக்கு நல்லா ஆடத் தெரிஞ்சிருக்கணும். அதோட ஒரு ஐட்டம் முடிஞ்சு அடுத்ததுக்கு சாமான் மாத்துற வரைக்கும் சனங்களைச் சிரிக்க வைக்கிற பொறுப்பும் அவரோடது, பார் விளையாட்டு முடிஞ்சு கீழ கட்டின வலையை அவிழ்த்துச் சுருட்டுவாங்கல்ல, அதுவரைக்கும் அடிவாங்கி உருண்டு பொரண்டுட்டே இருப்பார், ஓரக்கண்ணு மட்டும் வலை மேலயே இருக்கும். எதுக்கு எவ்ளோ நேரமாகும்னு அவரை விட யாருக்குத் தெரியும்? அவரை சாட்சியாக்கச் சொல்லுங்க.

சனிக்கிழமை ஷோல ரெண்டு குட்டிக்கரணம், ஞாயித்துக்கிழமை அதே இடத்துல மூணு போடுறார். ரெண்டு நாளும் பாத்த உங்க பொண்ணோட துப்பறிவாளி மட்டும் அதை கவனிச்சுட்டு அவர்கிட்டயே போய்க் கேக்குறா, "அண்ணே, இன்னைக்கு ஏன் ஒண்ணு ஜாஸ்தி போட்டீங்க?" வலை சுருட்ட லேட்டாச்சு பாப்பான்னு அவர் சொல்றார், ஏன்னா ஒரு மூலைக் கயித்துக்கிட்ட ஆள் இல்ல. அந்த ஆள் எங்க போனான்ங்கிறதுதான் கதையே!

கையில வெள்ளைப் பவுடர் இருந்துச்சு, அதனால இவன்தான்னு மட்டும் வேண்டாம், வேர்வைல பிடி வழுக்காம இருக்க பார் ஆடுறவங்க எல்லாருமே அதைப் பூசுறாங்க.

முதல் பக்கத்துலயே போஸ்டர்ல 'கடைசி 3 நாட்கள்'னு ஒட்டிடச் சொல்லுங்க, கூடாரத்தைப் பிரிச்சு லாரில ஏத்திட்டா அப்புறம் யாரை எங்க போய்த் தேடுறது? எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கம்மா, கண்டிப்பா படிக்கிறேன்.