சங்கும் துண்டுத்தாளும்

அன்புள்ள ஐயா,

வாஷிங்டனில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போய் வந்தேன். ஸ்மித்சோனியன் நூதனசாலைகளைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நுழைவுக் கட்டணம்கூட இல்லை! இவ்வளவு வரலாறு உள்ள திருகோணமலைக்கு ஏன் அப்படியொன்று இல்லை? வந்த கையோடு, அப்பப்பா சேர்த்துவைத்த சங்கு, சோகிகளைக் கழுவிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கினேன். அவற்றோடு கிடந்த, எது எங்கே எப்போது எடுத்தது என்று அப்பப்பா எழுதிய பழைய துண்டுத்தாள்கள் செல்லரித்திருந்ததால் எறிந்துவிட்டேன். அலுமாரி இப்போது அழகாக இருக்கிறது.

வாசகி, உவர்மலை

அன்புள்ள பிள்ளைக்கு,

கட்டணம், கட்டிடம் பற்றியெல்லாம் இப்போது பேச எனக்கு மனமில்லை. கொழும்பு நூதனசாலை 1877இலேயே திறந்தாயிற்று. நம்மூரிலும் ஒல்லாந்தர் காலக் கட்டிடமொன்றில் கடல்சார் நூதனசாலை இருக்கிறது, ஒருநாள் போய்ப் பாரும். அண்மையில் ஒரு பழைய வீட்டிலிருந்து பெயரெழுதாத புகைப்படங்கள் மூட்டையாகக் குப்பைக்குப் போனதைக் கண்டதிலிருந்து அதே நினைவாக இருந்தேன். அந்த நேரம் பார்த்து உமது கடிதம். அந்தத் தாள்களை எறிய எப்படி மனம் வந்தது?

வாஷிங்டனில் நீர் பார்த்தது முன்பக்கம் மட்டும். ஸ்மித்சோனியனுக்கு 21 நூதனசாலைகளோடு, பனாமாவில் உள்ள வெப்பமண்டல ஆய்வு நிலையம் போன்ற ஆய்வகங்களும் உண்டு. 1846இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் செயலாளர் ஜோசப் ஹென்றி. ஊர் ஊராக மழையையும் வெப்பத்தையும் குறித்து அனுப்பத் தொண்டர்களைச் சேர்த்தார். 1849 முடிவதற்குள் சுமார் 150 பேர் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உம் அப்பப்பாவும் அந்தச் சாதிதான்.

இன்னொன்று கேளும். 1960களில் பொரி வல்லூறுகள் ஏன் அருகுகின்றன என்று தேடியவர்கள், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து முட்டையோடுகளை ஆராய்ந்தார்கள். 1940களின் கடைசியிலிருந்து ஓடு மெலிந்திருந்தது. டிடிடி என்ற பூச்சிகொல்லி புழக்கத்துக்கு வந்த காலம் அது. எந்த ஆண்டு எடுத்த முட்டை என்று எவரோ எழுதி வைத்ததால்தான் நஞ்சு பிடிபட்டது. தேதி இல்லாத முட்டையை வைத்து என்ன செய்திருக்க முடியும்?

எங்கள் விஞ்ஞான வாத்தியாரிடம் சங்கு கொண்டுபோனால், "எங்கே எடுத்தாய்?" என்பார். "கடற்கரையில், சேர்." "எந்தக் கடற்கரை? எத்தனை பாகம் ஆழம்? வாடையிலா, சோழகத்திலா?" தெரியாதென்றால் சங்கைத் திருப்பித் தந்துவிடுவார். எங்களுக்கு அழுகை வரும். அந்தக் கண்டிப்புக்காக இன்று அவரைக் கும்பிடுகிறேன். 2004 ஆழிப்பேரலைக்கு முன் குச்சவெளிப் பக்கத்துக் கடற்பாரில் என்ன கிடந்தது என்று இனி யாரைக் கேட்பது? உம் வீட்டில் அதற்குப் பதில் இருந்திருக்கலாம், பிள்ளை.

திட்டிவிட்டேன் என்று முகத்தைத் தூக்கிவைக்காதேயும். கழுவி அடுக்கிய கை அப்பப்பாமேல் பாசமுள்ள கை என்று எனக்குத் தெரியும். முதலில் குப்பை வண்டி வந்துபோயிற்றா என்று பாரும். வராவிட்டால் கிழிசலையும் பொறுக்கி, நிழலில் உலர்த்தி வையும். பிறகு அப்பாவை இருத்தி, புறாத்தீவில் எடுத்தது எது, கொட்டியாரக்குடாவில் எடுத்தது எது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளும். பென்சிலால் எழுதும், பேனை மை ஈரத்தில் கரையும். அப்பா நினைவிலிருந்து சொன்னதை, அவர் சொன்னதென்றே குறித்து, அப்பப்பாவின் எழுத்தோடு கலக்காமல் வேறாக வையும்.