உஸ்தாத் நகர்ந்ததும் கழலும் முகக்கவசம்

கேள்வி: தங்கிப் படிக்கும் மத்ரஸா ஒன்றில் விடுதிப் பொறுப்பில் இருக்கிறேன். 60 பிள்ளைகள், 6 குழாய்கள். சளிக்காய்ச்சல் பரவுவதால் கொரோனாக் கால விதிகளை மறுபடி கொண்டுவந்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வரும் நாளில் எல்லாம் ஒழுங்கு. அவர் போனதும் முகக்கவசம் ஜுப்பாப் பைக்குள். தண்டிக்கலாமா?
- வாசகர், வெலிமடை

பதில்: வேண்டவே வேண்டாம். அடி விழும் என்று தெரிந்தால் பிள்ளை முதலில் மறைப்பது காய்ச்சலைத்தான். ஒரு நாள் அதிகாலை ஸுப்ஹுத் தொழுகை முதல் இரவு இஷாத் தொழுகை வரை கூடவே இருந்து, விதி எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் குழாயடியில்தான். சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவி, வுழூவும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்ய ஆளுக்கு 2 நிமிடம் என்றால், 6 குழாய்களில் 60 பேருக்கு 20 நிமிடம். ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) பத்து நிமிடம் இருக்கும்போது எழுப்பினால், அந்தக் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரத்தைத்தான் விடுவார்கள். முப்பது முப்பது பேராக, பத்து நிமிட இடைவெளியில் எழுப்புங்கள். சவர்க்காரத்தைப் பழைய காலுறைக்குள் போட்டுக் குழாயில் கட்டிவிட்டால் தொலையாது. எல்லோரும் கைவிட்டு வுழூ செய்யும் தொட்டியான ஹவ்ழை இப்போதைக்கு மூடிவிடுங்கள்.

மூடுபனியில் காயாத முகக்கவசத்தை எந்தப் பிள்ளையும் போடாது. ஈரத்துணியில் மூச்சு முட்டும். ஆளுக்கு நான்கு வேண்டும். பெயர் தைத்து, குசினி அடுப்படிக் கொடியில் காயப்போடுங்கள். ஓதும்போது அதைக் கீழே இழுப்பதும் அடமல்ல: மக்ரஜ் (எழுத்தின் உச்சரிப்பு) தெளிவாகக் கேட்காவிட்டால் உஸ்தாத் திரும்ப ஓதச் சொல்வார். ஆனால் சத்தமாக ஓதும்போதுதான் கிருமி அதிகம் வெளியேறும். பாடம் ஒப்புவிப்பதை விறாந்தைக்கு மாற்றி, முகத்துக்கு முகம் இல்லாமல் ஒரு மீற்றர் தள்ளி உட்காரவையுங்கள்.

இரவில் எதிரெதிர் யன்னல் இரண்டையாவது நான்கு விரல் அகலம் திறந்துவைத்து, மேலதிகமாக ஒரு போர்வை கொடுங்கள். போர்வை இல்லாமல் யன்னல் திறந்திருக்காது. பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான ஸஹனுக்குப் பதில் ஆளுக்கொரு தனிப் பீங்கான். கதவுப் பிடிகளைத் துடைக்க, 70 சதவீதக் குளோரின் தூள் 10 லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம், அன்றன்று கரைத்தது. கழிவறை கழுவும் அமிலத்தோடு அது சேரவே கூடாது, நச்சு வாயு வரும்.

காய்ச்சல்காரப் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குப் போகவும் வேண்டாம், அங்கிருந்து ஓடவும் வேண்டாம் என்ற ஹதீஸை (நபிமொழியை) நீங்களே ஓதிக்கொடுப்பவர்கள். தனி அறை, பனடோல் இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் கழியட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் காய்ந்தால் இரத்தப் பரிசோதனை, டெங்காகவும் இருக்கலாம். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. ஹிப்ழ் (குர்ஆன் மனனம்) பிள்ளைகள் பாடம் பின்தங்குமென்று பயந்தே நோயை மறைப்பார்கள். தவறிய பாடத்துக்கு வேறு நாள் உண்டு என்பதை, காய்ச்சல் வருமுன்னே வகுப்பில் சொல்லிவையுங்கள்.